பங்கு பிரிக்கும்போது மனசைக் கேட்பதா, கணக்கைக் கேட்பதா?

ஒரு உதவிப்பணப் பட்டியல் வெளிவந்த கிழமை, கிளிநொச்சியில் எந்தத் தேத்தண்ணிக் கடைக்குப் போனாலும் ஒரே கதைதான். பட்டியலில் பெயர் இருந்தவர்கள் வாயே திறக்கவில்லை. இல்லாதவர்கள் கத்தினார்கள். நான் இருந்த மேசையில் ஒரு அண்ணை, "புருஷன் இல்லாத அந்தப் பிள்ளைக்கு இல்லையாம், கடை வைச்சிருக்கிறவனுக்கு இருக்காம். இது நியாயமோ?" என்றார். எதிரே இருந்த ஓய்வுபெற்ற உத்தியோகத்தர் நிதானமாகச் சொன்னார்: "தம்பி, உணர்ச்சிவசப்படாமல் கதையும். அவங்கள் புள்ளி போட்டுக் கணக்குப் பாத்துத்தான் எடுத்திருக்கிறாங்கள்."

"உங்களுக்கு நெஞ்சில ஈரமே இல்லையோ ஐயா?"

"உமக்குத் தலையில ஒண்டும் இல்லையோ?"

அதோடு கதை முடிந்தது. தேத்தண்ணியும் ஆறிவிட்டது.

சம்பளம், மானியம், கடன், காணி, தண்ணீர் என்று எதைப் பற்றிக் கதைத்தாலும் எங்கள் வாக்குவாதம் இந்த இடத்தில்தான் வந்து முட்டுகிறது. ஒருவர் மனசைப் பிடித்துக்கொள்வார், மற்றவர் கணக்கைப் பிடித்துக்கொள்வார். என்னைக் கேட்டால் இருவரும் செய்வது ஒரே பிழை. மனசும் கணக்கும் ஒரே கதிரைக்குப் போட்டி போடுகின்றன என்று நினைக்கிறார்கள். உண்மையில் அவை இரண்டுக்கும் வெவ்வேறு வேலை.

முதலில் சொற்களைச் சரிசெய்வோம்

இந்தக் கட்டுரையில் 'பொருளாதார நியாயம்' என்றால், இருப்பதை யாருக்கு எவ்வளவு, எந்த அடிப்படையில் கொடுப்பது என்ற கேள்வி. அவ்வளவுதான்.

'உணர்ச்சி' என்றதும் பலர் அழுகையைத்தான் நினைக்கிறார்கள். கோபம், இரக்கம், வெட்கம், அருவருப்பு, நன்றி, பொறாமை எல்லாமே உணர்ச்சிதான். யோசிக்க நேரமில்லாமலே "இது சரியில்லை" என்று உள்ளே தட்டும் தீர்ப்புக்கு 'உள்ளுணர்வு' என்று பெயர். 'அறிவு' என்றால் இங்கே படிப்போ பட்டமோ அல்ல. ஒப்பிடுவது, எண்ணுவது, ஆளை மாற்றிப்போட்டுப் பார்ப்பது, பின்விளைவை யோசிப்பது. மூன்றாம் வகுப்போடு நிறுத்திய என் பெரியம்மா இதையெல்லாம் பல உத்தியோகத்தர்களை விட நன்றாகச் செய்வா.

நாயும் டோர்ச்சும்

வயல் காவலுக்குப் போனவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். நெல் பால் பிடிக்கிற காலம், இரவு காவல் கொட்டிலில் படுத்திருக்கிறீர்கள். சாமம் ஒரு மணி இருக்கும், நாய் குரைக்கிறது. யானையாக இருக்கலாம், பன்றியாக இருக்கலாம், பக்கத்து வயல்காரர் தண்ணீர் பார்க்க வந்திருக்கலாம். நாய்க்கு அந்த வித்தியாசத்தைச் சொல்லத் தெரியாது. ஏதோ நிற்கிறது என்பது மட்டும் தெரியும், அதுவும் உங்களுக்கு முதலே தெரியும். டோர்ச்சை அடித்துப் பார்ப்பது உங்கள் வேலை. பார்க்காமல் யானைவெடியைக் கொளுத்தி எறிந்தால் பக்கத்து வயல்காரருக்குத்தான் ஆபத்து. சரி, நாய் தொல்லை என்று அதை வீட்டில் கட்டிவிட்டு, நல்ல டோர்ச்சோடு மட்டும் போனால்? நன்றாக நித்திரை கொள்ளலாம். விடிய எழும்பிப் பார்க்க வயல் இருக்காது.

உள்ளுணர்வு இந்த நாய். அறிவு அந்த டோர்ச். மிச்சக் கட்டுரை முழுக்க இந்த இரண்டும் எங்கே உதவும், எங்கே ஏமாற்றும் என்பதைப் பற்றித்தான்.

ஆயிரம் ரூபா விளையாட்டு

1982 இல் ஜெர்மனியில் வேர்னர் கியூத் என்ற பொருளியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு பரிசோதனை நடத்தினார்கள். நம் ஊர்க் காசில் சொல்கிறேன். முன்பின் தெரியாத இருவர். முதலாமவர் கையில் ஆயிரம் ரூபா. அதை எப்படிப் பிரிப்பது என்று அவர் ஒரே ஒரு தடவை சொல்லலாம். இரண்டாமவர் ஓம் என்றால் சொன்னபடி இருவருக்கும் காசு. வேண்டாம் என்றால் இருவருக்குமே ஒரு சதமும் இல்லை.

வெறும் கணக்குப்படி, நூறு ரூபா தந்தாலும் வாங்குவதுதான் இலாபம். நூறு, பூச்சியத்தை விடப் பெரிது. ஆனால் இந்த விளையாட்டைப் பிறகு பல நாடுகளில் நடத்தியபோது, ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாக நீட்டப்பட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் வேண்டாம் என்றே சொன்னார்கள். தன் நூறு ரூபாயை விட்டுக்கொடுத்து, அநியாயமாகப் பிரித்தவரின் தொள்ளாயிரத்தை இல்லாமல் ஆக்கினார்கள். 2003 இல் இதே விளையாட்டின்போது மூளையைப் படம் பிடித்துப் பார்த்தார்கள். மோசமான பங்கு நீட்டப்படும்போது, அருவருப்போடு தொடர்புடைய பகுதி கூடுதலாக வேலை செய்தது. நாங்கள் நாறிய மீனுக்கும் "சீ" என்கிறோம், வஞ்சகமாகத் தரப்பட்ட கூலிக்கும் "சீ, உன்ர காசு" என்கிறோம். படம் பிடிக்காமலே தமிழுக்கு இது தெரிந்திருக்கிறது.

வேண்டாம் என்றவர்கள் முட்டாள்களா? அந்த ஒரு நாளுக்குப் பார்த்தால் நட்டம்தான். ஆனால் ஒரே ஊரில் வருடம் முழுக்கக் கூலிக்குப் போகிறவர் இன்று நூறை வாங்கினால், நாளைக்கும் நூறுதான் நீட்டப்படும். அந்தக் கோபத்துக்குள் ஒரு நீண்டகாலக் கணக்கு இருக்கிறது. அதைக் கணக்காகச் சொல்லத் தெரியாததால் கோபமாக வருகிறது.

உணர்ச்சியே இல்லாவிட்டால் நல்ல முடிவு வருமா?

டேவிட் ஹியூம் என்ற ஸ்கொட்லாந்துத் தத்துவவாதி 18 ஆம் நூற்றாண்டிலேயே, அறிவு என்பது உணர்ச்சிகளுக்கு வேலை செய்கிற ஆள்தான் என்றார். எதை விரும்ப வேண்டும் என்று அது சொல்லாது, விரும்பியதை அடைய வழி மட்டும் காட்டும் என்பது அவர் வாதம். ஜெர்மானியரான இமானுவேல் கான்ட் அதை ஏற்கவில்லை. இரக்கம் இன்றைக்கு வரும், நாளைக்கு வராது, அதை நம்பி ஒழுக்கத்தைக் கட்ட முடியாது, எல்லாருக்கும் பொருந்தும் விதியை அறிவுதான் தர வேண்டும் என்றார். இந்த வழக்கு இன்னும் நடக்கிறது. நாங்கள் அதற்குள் போகத் தேவையில்லை.

ஆனால் ஒரு மருத்துவச் செய்தியைச் சொல்ல வேண்டும். அந்தோனியோ டமாசியோ என்ற நரம்பியல் மருத்துவரிடம், நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப்பகுதி பாதிக்கப்பட்ட நோயாளிகள் வந்தார்கள். கணக்கு, ஞாபகம், தர்க்கம் எல்லாம் நல்லபடி. உணர்ச்சிதான் வற்றியிருந்தது. அப்படி ஒருவரிடம், அடுத்த தடவை எந்தத் திகதிக்கு வருகிறீர்கள் என்று இரண்டு திகதிகளைச் சொல்லிக் கேட்டார். அவர் அரை மணி நேரமளவு, இந்த நாளுக்கு இது சாதகம், அந்த நாளுக்கு அது பாதகம் என்று அடுக்கிக்கொண்டே போனார். ஒன்றைத் தெரிவுசெய்ய முடியவில்லை. எது முக்கியம், எது சில்லறை என்று உள்ளே தட்டிச் சொல்ல ஆள் இல்லை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: உணர்ச்சி வெறும் குழப்பம் அல்ல, சிலவேளை கணக்குக்கு எட்டாததையும் பிடிக்கும். அது இல்லாத அறிவு சுற்றிச் சுற்றி நிற்கும். இனி நாயின் குறைகள்.

கிட்ட நிற்பவன் பெரிதாகத் தெரிவான்

நவீன பொருளியலின் தந்தை என்று சொல்லப்படும் ஆடம் ஸ்மித், 1759 இல் முதலில் வெளிவந்த தன் நூலில் பிறகு சேர்த்த ஒரு பகுதியில் ஒரு சங்கடமான விடயத்தைச் சொல்கிறார். சீனாவில் பூமி அதிர்ந்து எண்ணற்ற மக்கள் மாண்டார்கள் என்று கேள்விப்படும் ஐரோப்பியர் கவலைப்படுவார், நாலு நல்ல வார்த்தை சொல்வார், பிறகு நிம்மதியாக நித்திரை கொள்வார். ஆனால் நாளைக்குத் தன் சின்னவிரலை வெட்டப்போகிறார்கள் என்றால் அன்றிரவு கண் மூடமாட்டார்.

வன்னியில் இதற்குச் சீனா வரை போகத் தேவையில்லை. ஒரு பிள்ளையின் படமும் பெயரும் கைபேசியில் சுற்றினால் கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் காசு வந்து குவியும். அதே ஒழுங்கையில் அதே நிலையில் இருக்கும் ஒன்பது பிள்ளைகளுக்குப் படம் எடுக்க ஆளில்லை, காசும் இல்லை. அனுப்பியவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களுடைய இரக்கம் நூறு வீதம் உண்மை. 2007 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றிலும் இதையேதான் கண்டார்கள். ஒரு குழந்தையின் படத்தைக் காட்டிக் கேட்டபோது, இலட்சக்கணக்கானோரின் புள்ளிவிவரத்தைக் காட்டிக் கேட்டபோது கொடுத்ததைப் போல் இரண்டு மடங்களவு கொடுத்தார்கள். இரக்கம் முகத்துக்கு உருகும். எண்ணிக்கைக்கு உருகாது.

இன்னொரு குறை இதைவிட மோசமானது. பழகிய ஆளைப் பார்த்து நாய் குரைக்காது. ஒரே வயலில், ஒரே வெயிலில் வேலை செய்தாலும் ஆண் கூலி ஒன்று, பெண் கூலி ஒன்று. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் கொடுத்தோம், வாங்கிய அக்காமாரும் பேசாமல் வாங்கிக்கொண்டு போனார்கள். ஒருவருக்கும் கோபம் வரவில்லை என்பதால் அது நியாயமாகிவிடுமா? அது அவ்வளவு பழகிப்போயிருந்தது. ஒருநாள் என் மகள் கொப்பியில் இரண்டு கூலியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, "ஏனப்பா இது குறைய?" என்று கேட்டபோதுதான் எனக்கு வெட்கம் வந்தது. எண்களைப் பக்கத்தில் வைத்தது அறிவு. வெட்கம் அதற்குப் பிறகு வந்தது.

சிறுபோகத் தண்ணீர்

இப்போது மனசும் கணக்கும் சேர்ந்து வேலை செய்யும் பொறிமுறைக்கு வருவோம். இதற்கு நான் கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்துப் பக்கத்து ஆட்களுக்குத் தெரிந்த உதாரணத்தையே எடுக்கிறேன்.

மாரியில் செய்யும் காலபோகத்துக்கு மழை இருக்கிறது. இரணைமடுவின் கீழ் 20,000 ஏக்கருக்கு மேல் வயல். கோடையில் செய்யும் சிறுபோகத்துக்கு அப்படியில்லை, குளத்தில் நிற்பதுதான் தண்ணீர். அது எல்லா வயலுக்கும் காணாது. ஆகவே விதைப்புக்கு முதல் மாவட்டச் செயலகம், நீர்ப்பாசனத் திணைக்களம், கமக்காரர் அமைப்புகள் எல்லாம் கூடி, இம்முறை எத்தனை ஏக்கர், யாருக்கு எவ்வளவு பங்கு, என்ன திகதியில் துருசு (குளத்து மதகு) திறப்பது என்று முடிவெடுக்கும். இந்தக் கூட்டங்களில் கதிரை பறக்காவிட்டால் அது நல்ல கூட்டம்.

விளங்குவதற்காக ஒரு சின்னக் குளத்தைக் கற்பனை செய்வோம். இருபது குடும்பம், ஆளுக்கு மூன்று ஏக்கர், மொத்தம் 60 ஏக்கர். குளத்தில் நிற்பது 20 ஏக்கருக்கான தண்ணீர்.

வாய்க்காலின் தலைப்பில் காணி உள்ளவர்கள், "எங்கட வயலுக்கு முதல் பாயட்டும்" என்பார்கள். அப்படி விட்டால் ஆறேழு குடும்பம் விளைவிக்கும், மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இங்கே கடைசிக் காணிக்காரருக்கு வரும் கோபம் நியாயமானது. குளம் எல்லாருக்கும் பொது, அணைக்கட்டில் மண் போட்டபோது அவர்களும்தான் போட்டார்கள். உள்ளுணர்வு உடனே சொல்லும் தீர்வு, ஆளுக்கு ஒரு ஏக்கர்.

நல்ல தீர்ப்பு. ஆனால் அப்படியே செய்தால் நாசம். ஆளாளுக்குத் தன் காணியில் ஒரு ஏக்கர் விதைத்தால், தண்ணீர் வாய்க்கால் முழு நீளத்துக்கும் ஓட வேண்டும். கோடையில் காய்ந்து வெடித்த மண்வாய்க்கால் வழி நெடுகக் குடித்துக்கொண்டே போகும். கடைசிக் காணிக்குப் போய்ச் சேர்வது ஈரம்தான். கோபம் பங்கு கேட்கும், ஆனால் ஊறிப்போகும் தண்ணீரை அதற்கு எண்ணத் தெரியாது.

எண்ணிப் பார்த்தவர்கள் கண்டுபிடித்த வழி இது. குளத்துக்குக் கிட்ட உள்ள 20 ஏக்கரில் மட்டும் விதைப்பது. அந்த 20 ஏக்கரையும் இருபது பங்காக்கி, வால்பக்கத்துக் குடும்பங்களுக்கும் ஒவ்வொரு ஏக்கர் கொடுப்பது. காணி உறுதியில் பெயர் மாறாது, அந்த ஒரு போகத்துக்கு மட்டும். சிங்களப் பகுதிகளில் இதைப் 'பெத்ம' என்பார்கள், எங்களுக்குப் பங்கு. இலங்கையின் குளத்து வயல்களில் தலைமுறை தலைமுறையாக இருந்துவரும் ஏற்பாடு.

இப்போது கோபம் மற்றப் பக்கத்துக்குப் போகும். "என்ர அப்பு காடு வெட்டின காணி. நான் எருப் போட்டு வளர்த்த மண். அதில இன்னொருத்தன் விதைக்கிறதோ?" இதைச் சுயநலம் என்று தள்ளிவிட முடியாது. டோர்ச்சை அடித்துப் பார்த்தால் அதற்குள் இரண்டு விடயம் இருக்கிறது. ஒன்று வெறும் உடைமைப் பெருமை. மற்றது உண்மையான பிரச்சினை: வந்து விதைத்தவர் வெட்டிக்கொண்டு போனபின் உடைந்த வரம்பும் புல்லும் காணிக்காரரின் தலையில். ஆகவே விதியில் இன்னொரு வரி சேர வேண்டும், போகிறவர் வரம்பைக் கட்டிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்று. அந்த வரியை எந்தப் பொறியியலாளரும் தன் மேசையில் இருந்து எழுதியிருக்கமாட்டார். காணிக்காரர் கத்தியபடியால்தான் வந்தது.

பாருங்கள், இங்கே மாறி மாறி நடக்கிறது: உணர்ச்சி குரைத்தது, அறிவு பார்த்து ஒரு விதி செய்தது, அந்த விதி இன்னொருவரைக் குத்தியது, அவர் குரைத்தார், விதி திருந்தியது. இந்தப் போக்குவரத்துதான் பொறிமுறை.

கணக்கு எங்கே நின்றுவிடும்?

மேலே எல்லாருக்கும் மூன்று ஏக்கர் என்று நான் சுகமாக வைத்துக்கொண்டேன். ஒருவருக்குப் பத்து ஏக்கர், மற்றவருக்கு அரை ஏக்கர் என்றால்? காணிக்கு ஏற்பப் பங்கா, குடும்பத்துக்கு ஒரு பங்கா? முதலாவது உரிமையைப் பார்க்கிறது, இரண்டாவது தேவையைப் பார்க்கிறது. வாய்க்கால் துப்புரவாக்க வந்தவருக்குக் கூட என்றால் அது உழைப்பைப் பார்க்கிறது. மூன்றுக்கும் கணக்குப் போடலாம், மூன்றிலும் விடை பிழைக்காமல் வரும். ஆனால் எந்த அளவுகோலை எடுப்பது என்று கணக்கு சொல்லாது. "கணக்குப் பாத்துத்தான் போட்டது" என்று யாராவது சொன்னால், எந்த அளவுகோலால் என்று கேளுங்கள். பெரும்பாலும் அங்கே ஒருவருடைய மனசு ஒளிந்திருக்கும்.

2023 இல் தொடங்கிய அஸ்வெசும என்ற அரச உதவிப்பணத் திட்டத்தை எடுத்தால், கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என்ற ஆறு பக்கங்களில் 22 குறிகாட்டிகள். அதன்படி நான்கு பிரிவு. தொடக்கத்தில் மாதம் 2,500 இலிருந்து 15,000 ரூபா வரை. இப்படியொரு அளவுகோல் இருப்பது நல்லதுதான். முகத்தைப் பார்த்துக் கொடுப்பதை அது தடுக்கும். ஆனால் போர் முடிந்தபின் வீட்டுத்திட்டத்தில் கல்வீடு கிடைத்து, உள்ளே சமைக்க ஒன்றும் இல்லாத குடும்பம் வன்னியில் எத்தனை? வீட்டு நிலையைப் பார்க்கும் எந்தப் படிவமும் இந்த இடத்தில் தடுமாறும். மேன்முறையீடு என்ற கதவு இதற்காகத்தான். ஆக, அந்த அண்ணையின் கோபத்துக்கும் ஐயாவின் புள்ளிக்கும் தேத்தண்ணிக் கடையிலேயே வேலை இருந்தது. அவர்கள் அந்த வேலையைச் செய்யாமல் எழும்பிப் போய்விட்டார்கள்.

உப்புக் கிணற்றுக்காரராகப் பிறந்திருந்தால்

அறிவிடம் ஒரு நல்ல கருவி இருக்கிறது. அமெரிக்கத் தத்துவவாதி ஜோன் ரோல்ஸ் 1971 இல் முன்வைத்தது, 'அறியாமைத் திரை' என்று சொல்வார்கள். நீங்கள் யாராக இருக்கப் போகிறீர்கள் என்று தெரியாத ஒரு திரைக்குப் பின்னால் நின்று விதியை எழுதுங்கள் என்பதுதான் அது. சீட்டுக் குலுக்குவதற்கு முன் பங்கு வெட்டுகிறவர் ஒழுங்காக வெட்டுவார் அல்லவா, அதே சங்கதி.

இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிக்கக் கொண்டுபோகும் திட்டம் வந்தபோது கிளிநொச்சிக் கமக்காரர்கள் எதிர்த்தார்கள். நானும் எதிர்த்தேன், எங்கள் வயலுக்கே காணாது என்று. அந்தக் கவலை இன்றும் பொய்யல்ல. ஆனால் திரைக்குப் பின்னால் நின்று பார்க்கச் சொன்னால், நான் பரந்தனில் வயலோடு பிறப்பேனா, ஊர்காவற்றுறையில் உப்புக் கிணற்றோடு பிறப்பேனா என்று தெரியாது. அப்போது கேள்வியே மாறிவிடும். "தண்ணீர் யாருடையது" என்பது போய், "இரண்டு இடத்திலும் ஆட்கள் வாழ என்ன வழி" என்று வரும். யாழ்ப்பாண மாவட்டத்துத் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 இல் திறக்கப்பட்டது. அப்படியான மூன்றாவது வழிகள் அந்த இரண்டாவது கேள்வியில் இருந்துதான் வரும்.

ஒன்றைக் கவனியுங்கள். திரை அறிவின் கருவிதான், ஆனால் அந்த உப்புத் தண்ணீரை வாயில் வைத்துப் பார்க்கிற கற்பனை இல்லாவிட்டால் அது வேலை செய்யாது.

விலை ஏறும்போது

கனடாவில் நடத்தப்பட்டு 1986 இல் வெளியான ஒரு கருத்துக்கணிப்பில், பெரும் பனி கொட்டிய மறுநாள் பனி அள்ளும் மண்வெட்டியின் விலையைக் கடைக்காரர் 15 டொலரிலிருந்து 20 ஆக்கினால் சரியா என்று கேட்டார்கள். 82 வீதத்தினர் அநியாயம் என்றார்கள். பொருளியல் படித்தவர், தட்டுப்பாட்டில் விலை ஏறினால்தான் உண்மையில் தேவையானவருக்குப் போகும் என்பார். இங்கே என் உள்ளுணர்வு கனடாக்காரரின் பக்கம்தான். 1990களின் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய்ப் போத்தலுக்கு அலைந்தவர்களுக்கும், 2022 இல் பெற்றோல் வரிசையில் படுத்தெழும்பியவர்களுக்கும் தெரியும், கூடக் கொடுக்கக்கூடியவரும் கூடத் தேவையானவரும் ஒரே ஆள் இல்லை. ஆனால் அதே 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ஆனபோது வந்த கோபத்தை மட்டும் வைத்துக்கொண்டு, 87 ரூபாவுக்கு எத்தனை நாள் கிடைத்தது என்று கேட்காமல் விட்டாலும் பிழை.

கோபமா, பொறாமையா?

எனக்கு உதவுகிற ஒரு சின்னச் சோதனை. ஒருவருக்குக் கிடைத்ததைப் பார்த்துக் கொதிக்கும்போது, அது எனக்கே கிடைத்திருந்தால் இதே விதியை அநியாயம் என்பேனா என்று கேட்பேன். இல்லை என்றால் குரைத்தது பக்கத்து வீட்டு ஆளைப் பார்த்துத்தான். ஓம் என்றால் எழும்பிப்போய்ப் பார்க்க வேண்டிய விடயம் ஏதோ இருக்கிறது.

கடைசியாக நான் போன தண்ணீர்க் கூட்டத்தில் ஏக்கர் முடிவாகி, பங்கும் முடிவாகி, துருசு திறக்கும் திகதிக்கு வந்துவிட்டார்கள். வாசலில் கைப்பிள்ளையோடு நின்ற ஒரு பிள்ளை, "அப்ப ஐயா, எங்களுக்கு எத்தனை நாள் வேலை இருக்கும்?" என்று கேட்டா. அவவுக்கு வயல் இல்லை, களை பிடுங்கப் போகிறவ. மூன்றில் ஒரு பங்கு விதைத்தால் வேலையும் மூன்றில் ஒரு பங்குதான். அமைப்பின் செயலாளர் பதிவுப் புத்தகத்தை முன்னும் பின்னும் பிரட்டினார், அதில் வயல் இல்லாதவருக்கு நிரல் இல்லை. கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை. பிறகு அவர், "உங்களைப் போல எத்தனை குடும்பம் இருக்கும் பிள்ளை?" என்று கேட்டார். அவ பெயர் சொல்லிச் சொல்லி விரல் மடித்து எண்ணினா. பதினொன்று. அவர் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் 11 என்று எழுதிவிட்டு, திகதிக்குத் திரும்பினார்.